ஊரைக் கூறு போட வேண்டாம்!

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கிறார். அவருடைய இயக்க ஆற்றல் என்ன? நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 25 ஜூல். அதே மனிதர் காரில் போகிறார் என்று கொள்வோம். அவரையும் சேர்த்துக் காரின் நிறை 1,000 கிலோகிராம். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். இப்பொழுது இயக்க ஆற்றல் 50,000 ஜூல். இரண்டாயிரம் மடங்கு! சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்ததும் அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. பச்சை விளக்கு வந்ததும் எரிபொருளை எரித்து மறுபடியும் அதை ஈட்ட வேண்டும்.

ஒரு சோப்புக் கட்டி வாங்க இவ்வளவு ஆற்றல் எதற்கு? கடை தெருமுனையில் இருந்தால் தேவையில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் தேவைதான். அந்தத் தூரத்தை இயற்கை வைக்கவில்லை. ஊரை வகுத்த மனிதர்களே வைத்தார்கள்.

ஏன் பிரித்தார்கள்?

காரணமில்லாமல் பிரிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு நகரங்களில் ஆலைப் புகையும் சாயக் கழிவும் வீட்டு வாசல் வரை வந்தன. ஆகவே, ‘ஆலை ஒருபுறம், வீடு ஒருபுறம்’ என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1916இல் நியூயார்க் நகரம் முழுவதற்குமாக நிலப்பயன் விதிகள் வந்தன. பிறகு அந்தப் பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. நச்சுப் புகை விடும் ஆலையைத் தள்ளி வைத்தது சரியே. ஆனால் மளிகைக் கடையும், தையற்கடையும், பள்ளிக்கூடமும், அலுவலகமும் என்ன குற்றம் செய்தன? அவற்றையும் வீடுகளிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு நூல் எழுதி இதைக் கடுமையாகச் சாடினார். வீடும் கடையும் தொழிலும் கலந்திருக்கும் தெருவில்தான் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கும். பலர் கண் படும் தெருவே பாதுகாப்பான தெரு என்பது அவர் வாதம்.

இதற்கு இயற்பியல் துணை நிற்கிறது என்பதே என் கருத்து. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். அலுவலகப் பகுதி ஒன்றுக்குப் பகலில் 100 கிலோவாட், இரவில் 20 கிலோவாட் மின்திறன் தேவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 40, இரவில் 100. இரண்டும் தனித்தனி ஊர்களில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோவாட் வீதம் மொத்தம் 200 கிலோவாட்டுக்குக் கருவிகள் வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால்? பகலில் 140, இரவில் 120. ஆகவே 140 கிலோவாட் கருவியே போதும்! பேருந்துக்கும் இது பொருந்தும். அலுவலகங்கள் எல்லாம் ஒரே மூலையில் இருந்தால், காலையில் பிதுங்கி வழிந்து போகும் பேருந்து காலியாகத் திரும்பி வரும்.

வாயுத் தொட்டிக்குள் வீடுகள்

இலண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் பகுதி இதற்கு நல்ல சான்று. 1852இல் இங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. கோதுமைக் கிடங்கும் நிலக்கரிக் கொட்டடிகளும் வாயுத் தொட்டிகளும் எழுந்தன. இந்த வாயுத் தொட்டி ஓர் அருமையான கருவி. நீரில் கவிழ்த்து வைத்த பெரிய இரும்புக் குவளை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிலக்கரி வாயுவை உள்ளே செலுத்தினால் குவளை மேலே எழும்பும். மாலையில் நகரம் விளக்கேற்றும்போது குவளை மெல்லத் தாழ்ந்து, தன் எடையால் வாயுவைக் குழாய்களுக்குள் தள்ளும். உச்ச நேரத் தேவையைச் சமாளிக்க அன்றைய பொறியாளர் கண்ட வழி இது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரயில் சரக்குப் போக்குவரத்து குறைந்தது; கிடங்குகள் பாழடைந்தன. பின்னர் ஏறத்தாழ 67 ஏக்கர் நிலத்தைச் சீரமைக்கும் திட்டத்துக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி அலுவலகங்களை மட்டும் அடுக்கவில்லை. கோதுமைக் கிடங்குக்கு 2011இல் ஒரு கலைக் கல்லூரி வந்தது. நிலக்கரிக் கொட்டடிகள் 2018இல் கடைத்தெரு ஆயின. வாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டங்கள் மூன்றைக் கழற்றிச் செப்பனிட்டு நிறுத்தி, அவற்றுக்குள் 145 வீடுகளைக் கட்டினார்கள். குளிர் நாடல்லவா? வீட்டுக்கு வீடு கொதிகலன் வைக்காமல், ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய் வழியே எல்லாக் கட்டிடங்களுக்கும் வெப்பம் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வீடும் அலுவலகமும் கல்லூரியும் வெவ்வேறு நேரத்தில் வெப்பம் கேட்பதால் இத்தகைய நிலையம் சீராக ஓட முடிகிறது. அன்று தொட்டி செய்த வேலையில் ஒரு பங்கை இன்று கலப்புக் குடியிருப்பே செய்கிறது!

கலப்பு ஒன்றே இந்தப் பகுதியை எழுப்பியது என்று சொல்லமாட்டேன். இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் அருகில் உள்ளன. 2007இல் அவற்றில் ஒன்றிலிருந்து பாரிசுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

இன்னொரு கலப்பு

எனக்கு ஒரு கவலை உண்டு. பாழடைந்த பகுதி செழித்தால் நிலத்தின் விலை ஏறும், வாடகை ஏறும். வாயுத் தொட்டிக்குள் இருக்கும் வீடுகளைச் சாதாரணச் சம்பளக்காரர் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அங்கே தரை துடைப்பவரும், கடையில் விற்பவரும், சமையற்காரரும் எங்கே குடியிருப்பார்கள்? தொலைவில்தான். அப்படியானால் வசதியுள்ளவர் நடந்து மிச்சப்படுத்திய ஜூல்களை, வசதியில்லாதவர் தினமும் பயணத்தில் செலவழிக்கிறார். கணக்கு நேராகவில்லை, செலவு ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. அவர் இழப்பது ஆற்றல் மட்டுமல்ல, பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரமும்தான்.

ஆகவே கட்டிடங்களைக் கலந்தால் போதாது. மனிதர்களையும் கலக்க வேண்டும். குறைந்த வாடகை வீடுகளுக்கு இத்தனை பங்கு என்று தொடக்கத்திலேயே சட்டத்தால் உறுதி செய்யாத கலப்புத் திட்டத்தை நான் அரைத் திட்டம் என்றே சொல்வேன்.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். உங்கள் வீட்டிலிருந்து கடை, பள்ளி, மருந்தகம், பெற்றோர் வேலை செய்யும் இடம் ஆகியவற்றின் தூரத்தை ஒரு தாளில் குறியுங்கள். உங்கள் தெருவைத் துப்புரவு செய்ய வருபவரிடம், எங்கிருந்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டு வருகிறார் என்று மரியாதையுடன் கேட்டு, அதையும் எழுதுங்கள். அந்தக் கடைசி எண்ணைக் குறைக்க என்ன செய்யலாம் என்று வகுப்பில் விவாதியுங்கள். நாளைய நகரங்களை வரையப் போகிறவர்கள் நீங்கள்தானே?