பழைய டீப்பாய்: உள்ளதை உள்ளபடி பில்லில் எழுதுவோம்



வரவேற்பறைக்குப் பழைய காலத்து டீப்பாய் வேண்டும் என்று கேட்டு வருவோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். புது வீடு கட்டியவர்கள், அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் என்று பலரும் சோபாவைப் புதிதாக வாங்குகிறார்கள். அதன் முன்னே போடும் டீப்பாய் மட்டும் 'ஆன்டிக்'காக இருக்க வேண்டும் என்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஏறி இறங்குவோரைப் பார்த்தாலே இது விளங்கும். நமக்கு நல்ல வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சரக்கை நாம் விற்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சங்க உறுப்பினர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு ஒரு டீப்பாய் விற்றேன். "நூறு வருஷத்துச் சாமான், செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது" என்று எனக்குச் சரக்குக் கொடுத்தவர் சொன்னார். நானும் அதையே சொன்னேன், பில்லிலும் எழுதினேன். பத்து நாள் கழித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கவிழ்த்துக் காட்டினார். மேற்பலகையின் ஓரத்தில் கீல் பதித்த இரண்டு பள்ளங்களை மக்கு வைத்து அடைத்து, சாயம் பூசியிருந்தது. காலைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள். மரம் பழைய தேக்குதான். ஆனால் அது ஏதோ ஒரு வீட்டின் கதவு.

"தம்பி, நீங்க வேணும்னு பொய் சொன்னதா நான் நினைக்கலை. உங்ககிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. ஆனா பில்லுல உங்க கையெழுத்துதானே இருக்கு?" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைய நஷ்டம் பெரிதல்ல. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது கடையில் வேறு நான்கு பேர் இருந்தார்கள்.

பிறகுதான் இந்தச் சாமானைப் பற்றிச் சற்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டீ வைப்பதால் டீப்பாய் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இந்தியில் மூன்று என்பதற்கும் பாரசீகத்தில் கால் என்பதற்கும் உள்ள சொற்கள் சேர்ந்து, முக்காலி என்ற பொருளில் பிறந்த சொல் அது. வெள்ளைக்காரர் வாயில் புகுந்த பின் தேநீரோடு ஒட்டிக்கொண்டது. அந்நாளைய சிறு மேஜைகள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுபவை. பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் உயரம். சோபாவுக்கு முன்னே முழங்கால் உயரத்தில் போடும் தாழ்வான மேஜை மேல்நாட்டிலேயே 1920, 1930-களை ஒட்டித்தான் பரவலாக வந்தது. நம் வீடுகளில் கேட்க வேண்டாம். கூடத்தில் பாயோ ஜமக்காளமோ விரித்து உட்கார்ந்தோம். காபி டவரா டம்ளரோடு நேராகக் கைக்கே வந்தது.

ஆகவே பதினாறு அங்குல உயரமுள்ள ஒரு டீப்பாயை நூறு வருஷத்துச் செட்டிநாட்டு டீப்பாய் என்று யாரேனும் கொண்டுவந்தால், கொள்முதல் செய்யும் முன் சற்று யோசிக்க வேண்டும். உயரமான மேஜையின் காலை அறுத்திருப்பார்கள், அல்லது கதவுக்கும் ஜன்னலுக்கும் கால் வைத்திருப்பார்கள். நகரத்தார் பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் வந்த தேக்கு அந்த வீடுகளில் நிலையும் கதவும் தூணுமாக நின்றது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பின்னாளில் பாகப்பிரிவினையில் இடிபட்ட வீடுகளின் மரம் சந்தைக்கு வந்தது. அந்த மரத்தில் டீப்பாய் செய்வதில் தவறே கிடையாது. விறகாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல். அதை நூறு வருஷத்து டீப்பாய் என்று சொல்வதில்தான் தவறு.

சரக்கைப் பார்க்கத் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. மேலே பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடிப்பாகம் தேய்ந்து மழுங்கி அழுக்கேறியிருக்க வேண்டும். அறுத்த முகம் வெளிறித் தெரிந்தால் கால் குட்டையாக்கப்பட்டது என்று பொருள். அடிப்பலகையில் வளைவு வளைவாகத் தடம் இருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை. கையால் அறுத்ததில் தடம் நேர்கோடாக இருக்கும். பழைய வட்டப் பலகை அச்சு வட்டமாக இராது, ரேகைக்குக் குறுக்கே மரம் சுருங்குவதால் டேப் வைத்து அளந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் குறையும். எனக்கு இந்தச் சோதனைதான் மிகவும் பிடித்தது; இதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. பாலிஷைப் பார்க்க, மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். அரக்கு பாலிஷ் என்றால் கரைந்து ஒட்டும், மெலமைன் என்றால் அசையாது. அரக்கு பாலிஷ் போட்டதை விற்கும்போது, சூடான டம்ளரை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தச் சரக்கைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள், பக்கத்துச் சாமானுக்கும் பரவும்.

வாங்குகிறவரிடம் சோபாவின் உயரத்தைக் கேளுங்கள். உட்காரும் மெத்தையின் உயரமோ ஓரிரு அங்குலம் குறைவாகவோ இருந்தால் டீப்பாய் சரியாக அமையும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். இதைக் கேட்டு விற்கும் கடைக்காரர் குறைவு.

இனி சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைவேலைப்பாட்டுப் பொருள் தொன்மைப் பொருள். பழைய கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தவையும் இதில் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் அவற்றை விற்பனை செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. நம்மில் சிலர் ஆசைக்கு 'நூறு வருஷம்' என்று பில்லில் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், லைசென்ஸ் இன்றித் தொன்மைப் பொருள் விற்றதாக நம் கையாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. வாங்கியவர் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் சுங்கத்தில் நிற்கும். தொன்மைப் பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க அவர்தான் அலைய வேண்டும்.

ஜிஎஸ்டி-யிலும் இதே கதைதான். பழைய சாமானை அப்படியேயோ, அதன் தன்மை மாறாத சிறு பழுது பார்த்தோ விற்றால், உள்ளீட்டு வரி எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்டலாம். கதவை அறுத்து டீப்பாய் ஆக்கினால் பொருளின் தன்மையே மாறிவிடுகிறது. அதற்கு முழு விலை மீதும் வரி உண்டு. இதைப் பழைய சாமான் கணக்கில் காட்டுகிறவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

என் யோசனை சிறியது. பில்லில் இரண்டே வகை எழுதுவோம்: 'பழைய சாமான்', 'பழைய மரம், புதிய வேலை'. மாற்றிய பாகம் எது என்று அடுத்த வரியில் குறிப்போம். விலை இறங்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். முதல் சில மாதம் எனக்கும் இறங்கியது, மறைக்கவில்லை. பழைய மரத்தின் கனமும் நிறமும் வேண்டியவர்கள், அது கதவாக இருந்தது என்று தெரிந்தே இப்போது வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே பழையதும் தாழ்வானதுமான மேஜை ஒன்று நம்மிடமே உண்டு: கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டுப் பேரேடு எழுதிய சாய்வு மேஜை. பரம்பரைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் குடோனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். காயலான் கடைக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அந்தத் தலைமையாசிரியர் மறுபடி வந்தார். வாங்கிப் போனதும் அப்படி ஒரு சாய்வு மேஜைதான். பில்லில் நான் எழுதியது: "பழைய சாமான். வயது உறுதியில்லை. மூடியில் மைக்கறை உண்டு. இடதுபுறக் கீல் புதியது." வாசித்துவிட்டு, மடித்து மேஜைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.