கரையைக் காப்பது யார்?

"பிகாரின் துயரம்" என்று கோசி நதியைக் குறை கூறுவது வழக்கம். ஆனால், 2008 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நேபாளத்தின் குசாஹாவில் கரை உடைந்தபோது நதியில் ஓடியது விநாடிக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் கன அடி நீர்தான். கரை தாங்க வேண்டிய அளவோ 9.5 லட்சம் கன அடி. பிகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்லலுற்றதற்குக் காரணம் நதியின் சீற்றம் அல்ல, பராமரிப்பின்மை.

1954-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்தக் கரையைப் பராமரிக்கும் பொறுப்பு இந்தியாவுடையது. பணி பிகார் அரசுடையது. உடைந்த பிறகு ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்தியதுதான் மிச்சம்.

ஆண்டுதோறும் வண்டல் படிந்து ஆற்றுப் படுகை உயர்கிறது, கரைகளோ வலுவிழக்கின்றன. 2024 செப்டம்பரில் கோசியில் 6.61 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது, பிகாரில் மீண்டும் கரைகள் உடைந்தன.

2021-இல் இயற்றப்பட்ட அணைப் பாதுகாப்புச் சட்டம் வெள்ளத் தடுப்புக் கரைகளுக்குப் பொருந்தாது. அணையோரம் வாழ்பவரின் உயிர் மட்டும்தான் உயிரா? ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு கரைகளை ஆய்வு செய்து அறிக்கை வெளியிடுவதை, மாநிலங்களுடன் கலந்து மத்திய அரசு சட்டபூர்வக் கடமையாக்க வேண்டும். கரை உடைந்த பின் நிவாரணம் வழங்குவது மட்டுமே நிர்வாகம் ஆகிவிடாது.