திராட்சைக் கொடியைப் பிடுங்கினால் காசு! பிரான்சில் என்ன நடக்குது?

பயிர் வைக்க அரசாங்கம் மானியம் கொடுக்கும். தெரிந்த கதைதான். பயிரைப் பிடுங்க மானியம் கொடுத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

வைனுக்குப் பெயர்போன வட்டாரம் பிரான்சின் போர்டோ. அங்கே 2023இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு ஹெக்டர் திராட்சைக் கொடியை, அதாவது காற்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் உள்ளதை, வேரோடு பிடுங்கினால் 6,000 யூரோ. அடுத்த ஆண்டு நாடு முழுவதற்கும் இன்னொரு திட்டம்: ஹெக்டருக்கு 4,000 யூரோ.

விற்காமல் தேங்கிய வைனை அழிக்கவும் 2023இல் 200 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. சாக்கடையில் கொட்டவில்லை. காய்ச்சி வடித்து, கிருமிநாசினிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஆல்கஹாலாக அனுப்பினார்கள்.

விளைச்சல் ரொம்ப அதிகமோ?

இல்லை, அதுதான் வேடிக்கை! 2024இல் உலக வைன் உற்பத்தி சுமார் 22.6 பில்லியன் லிட்டர். 60 ஆண்டுகளுக்கு மேல் காணாத சரிவு. பிரான்சில் அந்த ஆண்டு மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்தன.

ஆனால் குடிப்பதும் குறைந்துபோச்சு. அதே ஆண்டு உலகம் குடித்தது சுமார் 21.4 பில்லியன் லிட்டர். 1961க்குப் பிறகு ஆகக் குறைவு. 1960களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 120 லிட்டருக்குமேல் குடித்தார். இப்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மதிய உணவோடு வைன் என்ற வழக்கம் இளையர்களிடம் இல்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது.

போர்டோவுக்கு அடி இன்னும் பலம். அங்கே பெரும்பாலும் சிவப்பு வைன். அதிகம் சரிந்ததும் அதுதான். நிறைய வாங்கிக்கொண்டிருந்த சீனாவும் கையைச் சுருக்கிக்கொண்டது.

குறைவாகப் பயிரிட வேண்டியதுதானே?

நெல் மாதிரி அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ள முடியாதுங்க. கொடி பலன் தரவே மூணு வருஷம் ஆகும். அப்புறம் 30, 40 ஆண்டு நிற்கும். இன்று விலைபோகாத கொடிகளில் பல, சந்தை நன்றாக இருந்தபோது நட்டவை.

அப்படியே போட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஃபிளாவெசான்ஸ் டோரே என்று ஒரு நோய். சிறு தத்துப்பூச்சி பரப்புவது. வந்த கொடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பராமரிக்காத தோட்டத்தில் அந்தப் பூச்சி பெருகினால், ஒழுங்காக விவசாயம் செய்யும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நஷ்டம். போர்டோவில் பிடுங்கச் சொன்னதற்கு இது முக்கியக் காரணம்.

காலியான நிலத்தை நீண்டகாலம் இயற்கைக்கே விடலாம், அல்லது வேறு பயிர் வைக்கலாம். சிலர் ஒலிவ மரத்துக்கு மாறுகிறார்கள். அதுவும் காய்க்கப் பல வருஷம் ஆகும். 6,000 யூரோவோ ஒரே ஒருமுறைதான்.

அப்போ சிங்கப்பூரில் விலை குறையுமா?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இங்கே வைனுக்கான தீர்வை விலையைப் பொறுத்ததல்ல. அதிலுள்ள ஆல்கஹாலில் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தல் என்றால் 8 வெள்ளி 58 காசு. அதற்குமேல் பொருள், சேவை வரி. போர்டோவில் அந்தப் போத்தலை 2 யூரோவுக்கு விற்றாலும் 8 வெள்ளி 58 காசு மாறாது.