"நல்லாத்தானே ஓடுது டாக்டர்": ஆஸ்பத்திரி மெயில் சர்வர் பற்றி ஒரு இழை

1/
"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்." செங்கல்பட்டுல ஓபி பார்க்கிற எனக்கு இது தினமும் கேட்கிற வாக்கியம். பிபி பார்த்தா 180/110 இருக்கும். போன மாசம் இதே வாக்கியத்தை ஒரு ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கூட்டத்தில் கேட்டேன். பேச்சு நோயாளியைப் பற்றி இல்லை, மெயில் சர்வரைப் பற்றி. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
மாமல்லபுரம் பக்கம், ஈசிஆர் ஓரமா இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரம் ரெண்டு நாள் போறேன். பேர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு பழைய ஏசி, ஒரு யுபிஎஸ், ஒரு சர்வர். அதில் ஓடுறது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016. பயாப்சி, கல்ச்சர் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் ஒப்புதல் எல்லாமே அந்த மெயிலில்தான் வரும்.

3/
ஒரு சனிக்கிழமை அந்த சர்வரில் டிஸ்க் நிறைஞ்சுபோச்சு. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு அசைவையும் லாக் ஃபைலா எழுதி வைக்கும். பேக்கப் ஒழுங்கா முடிஞ்சாத்தான் பழைய லாக் அழியும். பேக்கப் எத்தனையோ நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு, யாரும் பார்க்கல. இடம் தீர்ந்ததும் சர்வர் புது மெயில் வாங்குறதை நிறுத்திடுச்சு. திரை எரியுது, விளக்கு மின்னுது. பார்க்க "நல்லாத்தான்" இருந்துச்சு.

4/
அன்னிக்கு சாயங்காலம் வெளி லேபில் இருந்து ஒரு ரத்த கல்ச்சர் ரிப்போர்ட் கிளம்பியிருக்கு. நாங்க கொடுத்துக்கிட்டிருந்த ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாதுன்னு அதில் தெளிவா இருந்தது. எங்க கைக்கு வந்தது திங்கள் காலையில். அதுக்குள்ள அந்த அம்மாவை ஐசியூவுக்கு மாத்தியாச்சு. பிழைச்சுட்டாங்க. ஆனா வீட்டுக்காரர் கடலுக்குப் போற மனுஷன். அந்தக் கூடுதல் நாட்களுக்கான பில்லைக் கட்ட எதை அடகு வெச்சாரோ, நான் கேட்கல. கேட்க எனக்கு வாய் வரல.

5/
என் தப்பும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமையே லேபுக்கு போன் போட்டிருக்கணும். லேபும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். "மெயில் போட்டாச்சே"ன்னு அவங்க, "மெயில் வரலையே"ன்னு நாங்க. நடுவில் ஒரு உயிர்.

6/
கூட்டத்தில் சிஸ்டம்ஸ் பார்க்கிற தம்பி எழுந்து, "சார், சர்வரை மேம்படுத்தணும்னு போன வருஷமே லெட்டர் கொடுத்தேன்" என்றார். பதில்: "ஓடுறதை எதுக்குப்பா தொடணும்?" ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். டிஸ்க் நிறைஞ்சதுக்கும் பழைய பதிப்புக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்: வாங்கி வெச்சதோட கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிற புத்தி.

7/
எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதுக்காக சர்வர் நிக்காது. ஓடும். ஆனா இனிமே கண்டுபிடிக்கிற ஓட்டைகளுக்கு வழக்கமான மருந்து வராது. ஓட்டை இருக்குன்னு திருடனுக்குத் தெரியும், வீட்டுக்காரனுக்குப் பூட்டு கிடைக்காது.

8/
"பயமுறுத்தாதீங்க டாக்டர்" என்பவர்களுக்கு: 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சில் நாலு ஓட்டைகள் வெளியே வந்தன. பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே நுழையலாம். உலகம் முழுக்க பல்லாயிரம் சர்வர்கள் அடிவாங்கின. ஐரோப்பிய வங்கி ஆணையமே தன் மெயிலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. பேட்ச் வருமுன்னே உள்ளே புகுந்தவன் பின்கதவு வைத்துவிட்டான். அங்கே பூட்டை மாற்றியும் பிரயோஜனம் இல்லை.

9/
மெயிலை விடுங்க. 2017 மே 12, இங்கிலாந்தின் என்ஹெச்எஸ் ஆஸ்பத்திரிகளை வானாக்ரை முடக்கியது. அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது! போடவில்லை, அவ்வளவுதான். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்கள் முடங்கி, நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் பேனாவும் பேப்பருமாக ஓடியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அதாவது பராமரிப்பு.

10/
"சின்ன ஆஸ்பத்திரி, நம்மளை யார் அடிப்பா?" கொசு கடிக்கும்போது அட்ரஸ் கேட்குமா? இணையத்தில் திறந்திருக்கும் சர்வர்களைத் தேடுவது மனுஷன் இல்லை, ப்ரோக்ராம். அதுக்கு அப்போலோவும் ஒண்ணுதான், அஞ்சு பெட் நர்சிங் ஹோமும் ஒண்ணுதான்.

11/
"அப்போ ஒரு பட்டன் அமுக்கி மேம்படுத்திடலாமே?" முடியாது. இந்த இடத்தில்தான் நிர்வாகங்கள் சிஸ்டம்ஸ் ஆளைக் கொல்கின்றன. 2019 வைத்திருப்பவர்கள், அதன் கடைசி அப்டேட்கள் வரை வந்திருந்தால், அதே மெஷினில் புதிய சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு ஏறலாம். 2016-க்கு அந்த வழி இல்லை. பக்கத்தில் புது சர்வர், புது விண்டோஸ், அதில் புது எக்ஸ்சேஞ்ச், ஒவ்வொரு மெயில்பாக்ஸாக மாற்றணும், சான்றிதழ், பிரிண்டர், ஸ்கேனர், லேப் சாஃப்ட்வேர் எல்லாம் புது முகவரியைக் கேட்குதான்னு சோதிக்கணும். அதுக்கப்புறம்தான் பழையதை முறையாகக் கழற்றணும்.

12/
இது ஆபரேஷன் மாதிரி. முன்பரிசோதனை வேணும், கையில் ரத்தம் வேணும் (இங்கே பேக்கப்), தியேட்டர் நேரம் வேணும். "பகல்ல நிறுத்தாதே, ராத்திரி எமர்ஜென்சி இருக்கு, ஞாயிறு நீ லீவு, காசும் கேட்காதே" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு உடைஞ்சா அந்தத் தம்பியைத் திட்டுறது அநியாயம். எந்த சர்ஜனும் இப்படி ஒரு தியேட்டரில் கத்தி எடுக்க மாட்டார்.

13/
"காசு?" புது உரிமத்துக்கு சந்தா கட்டணும், உண்மை. ஆனா முகப்புக்கு கிரானைட், ஈசிஆரில் போர்டு, ரிசப்ஷனில் மீன் தொட்டி. அதுக்கெல்லாம் வந்த காசு இதுக்கு வராதா?

14/
"சொந்த சர்வரே வேண்டாம், க்ளவுடுக்குப் போயிடலாம்?" தாராளமா போங்க. மத்திய அரசே தன் ஊழியர்களின் மெயிலை ஜோஹோவின் தளத்துக்கு மாற்றியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் நம்ம மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில்தான் இருக்கு. ஆனா முடிவெடுங்க. "பார்க்கலாம்" என்பது முடிவில்லை. மாறிய பிறகும் பழைய சர்வரை மூலையில் ஓடவிடாதீங்க. ஆபத்தே அதுதான். "வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கலாம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க.

15/
அந்த ஆஸ்பத்திரியில் இருந்து கொஞ்ச தூரத்தில் கடற்கரைக் கோயில். 1300 வருஷத்துக் கல். உப்புக்காத்து அதைத் தின்னுக்கிட்டே இருக்கு. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறது, அலையைத் தடுக்க கல் அணை போட்டிருக்கிறது. "நல்லாத்தானே நிக்குது"ன்னு யாரும் விடல. அதே உப்புக்காத்தில் நிற்கிற சர்வருக்கு ஒரு தூசி துடைப்பு கூட இல்லை.

16/
நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு மூணு கேள்வி. நம்ம மெயில் எந்தப் பதிப்பு, அதற்கு ஆதரவு இருக்கா? கடைசியா எப்போ பேக்கப்பை எடுத்து, திரும்ப ஏற்றிப் பார்த்தோம்? சர்வர் படுத்தா ரிப்போர்ட் எந்த வழியில் வரும்? பதில் தெரியலைன்னா, 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிங்க. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம்.

17/
பொதுமக்களுக்கு: டெஸ்ட் கொடுத்துட்டு "மெயிலில் டாக்டருக்கு வந்துடும்"னு யாராவது சொன்னா நம்பி உட்காராதீங்க. எப்போ வரும்னு கேளுங்க, அந்த நேரத்தில் போன் பண்ணுங்க, ஒரு காப்பியைக் கையில் வாங்குங்க. உங்களுக்குத் தொந்தரவு பண்ற உரிமை இருக்கு.

18/
அந்தத் தம்பியின் லெட்டரில் இந்த முறை நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஓபியில் "நல்லாத்தான் இருக்கேன்" என்பவரிடம் நான் சொல்வதையே நிர்வாகத்துக்கும் எழுதினேன்: அறிகுறி வரும்வரை காத்திருந்தா, வர்றது அறிகுறியா இருக்காது, ஸ்ட்ரோக்கா இருக்கும்.