நம்ம ஏரியில தண்ணி இருக்கா? மேல இருந்தே பார்க்கலாம்!



2019 கோடையில சென்னை தண்ணிக்குத் தவிச்சப்போ, நிலைமையை உலகத்துக்குச் சொன்னது ரெண்டு செயற்கைக்கோள் படங்கள். 2018-ல் தண்ணீரோடு புழல் ஏரி. அடுத்த வருஷம் வறண்டு கிடந்த அதே ஏரி. நூறு மேடைப் பேச்சால் முடியாததை அந்த ரெண்டு படம் செஞ்சது.

நம்ம ஊர் ஏரியை யாரு படம் எடுப்பாங்கன்னு கேட்காதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கிட்டேதான் இருக்கு. பைசா செலவில்லை. கூகுள் மேப்பைக் காட்டி வாதாடாதீங்க, அதுல இருக்கிறது பழைய படமா இருக்கலாம். 'கோப்பர்நிகஸ் பிரவுசர்' தளத்துக்குப் போய் ஊரைத் தேடி, மேகம் குறைவான தேதியைத் தேர்ந்தெடுங்க. 'ஃபால்ஸ் கலர்' வச்சா செடி, மரம் சிவப்பாவும் தண்ணீர் கருப்பாவும் தெரியும்.

கோடையில பார்க்கிறதுதான் முக்கியம். மே மாசம் காய்ஞ்ச ஏரிக்குள்ள சிவப்புத் திட்டு தெரிஞ்சா, பெரும்பாலும் அது சீமைக்கருவேலம். மழைக்காலத்திலும் ஏரி நடுவுல சிவப்பா இருந்தா ஆகாயத்தாமரையா இருக்கலாம். ஏரி வத்திப்போச்சுன்னு உடனே பதிவு போட்டுடாதீங்க, கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில மேகம் மறைச்சா சென்டினல்-1 ரேடார் படம் இருக்கு. அது மேகத்தைத் தாண்டியும் பார்க்கும்.

இதுக்கும் எல்லை உண்டு. படத்துல ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு குடிசை தெரியாது. ஏக்கர் கணக்குல மண் கொட்டி மனை போட்டா நல்லாவே தெரியும். (ஏழை வீட்டை விட்டுட்டு பெரிய ஆளைக் காட்டிக்கொடுக்கிற தொழில்நுட்பம்!) தண்ணீர் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு தெரியும், ஆழம் தெரியாது. வண்டல் எவ்வளவுன்னு ஆயக்கட்டு விவசாயிகளைத்தான் கேட்கணும்.

ஒவ்வொரு கிளையும் தங்கள் ஏரிக்கு இந்த மே மாசப் படத்தையும் 2018 மே மாசப் படத்தையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வைங்க. சர்வே எண்ணோட சேர்த்து கிராமசபையில மனுவாக் கொடுங்க. தூர் வாரியாச்சுன்னு பலகை வச்ச ஏரியா இருந்தா கண்டிப்பா பாருங்க. நல்லா நிறைஞ்சிருந்தா அதையும் போடுங்க, யாரு ஆட்சியா இருந்தாலும். அப்பதான் நாம குறை சொல்லும்போது நாலு பேர் நம்புவாங்க.

படங்களை மாவட்ட ஐ.டி. அணிக்கு அனுப்புங்க. தேதி இல்லாத படம் வேண்டவே வேண்டாம்.