படிக்கட்டு ஒரு சாக்கு

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை இருக்கிறது. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையும் தொலைவில்லை. வேலைக்கும் வைத்தியத்துக்கும் பக்கத்தில் வீடு தேடும் மாற்றுத்திறனாளிக்குத் தோதான பகுதிதான். ஆனால் வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் தடை படிக்கட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உரிமையாளர் கீழே, வாடகைக்கு மாடி போர்ஷன் என்பதே நம் வழக்கம். புதிதாகக் கட்டுகிறவர்களோ தரைத்தளத்தைக் காருக்கு விட்டுவிடுகிறார்கள். ஆனால் பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் படி ஒரு பொருட்டில்லையே? அவர்களிடம் கேள்வி மாறுகிறது: கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பீர்கள், கூட யார் இருப்பார்கள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? பல வருடம் தானே சமைத்துச் சாப்பிட்டவரிடம் கேட்கும் கேள்வி இது. கீழ்வீடு காலியாக இருந்தாலும் பதில் மாறப்போவதில்லை.

சட்டம் இந்த வாசல்வரை வரவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு வாழும் உரிமையை 5-ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் அதன் கடமைகளில் பெரும்பாலானவை அரசுக்கும் நிறுவனங்களுக்கும்தான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்பது பற்றி மூச்சு விடவில்லை.

சுவரைக் குடைவார்கள், டைல்ஸ் கீறும் என்பது அடுத்த புகார். ஏ.சி.க்கும் கீசருக்கும் சுவரில் துளை போட அனுமதிக்கிறவருக்கு, குளியலறைக் கைப்பிடிக்கான நான்கு துளை மட்டும் ஏன் உறுத்துகிறது? சேதத்துக்குத்தானே அட்வான்ஸ்! அமெரிக்காவின் 1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளி வாடகைதாரர் தன் செலவில் நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். போகும்போது தேவையானதைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும். நம் வாடகை ஒப்பந்தத்திலும் இதற்கு ஒரு வரி போதும்.

‘என் வீடு, என் இஷ்டம்’ என்பதுதான் கனமான வாதம். நான்கு வீடுகளுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், அமெரிக்கச் சட்டமே பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. அந்த விலக்கை இங்கே அப்படியே கொண்டுவந்தால் தட்டாஞ்சாவடியில் சட்டத்துக்கு வேலையே இருக்காது. வாடகை கட்டும் வசதியைப் பார்த்து மறுக்கட்டும். உடற்குறையை மட்டும் பார்த்து மறுப்பதற்கு விலக்கு கூடாது. மாறாக, சாய்தளம் வைத்துக் கீழ்வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு உழவர்கரை நகராட்சி வீட்டுவரியில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுக்கலாம். கார் நிறுத்துமிடமாகப் போகும் சில தரைத்தளங்களாவது வீடாகும்.