உயரமும் உறுதியும்

ஜம்மு–காஷ்மீரத்தில் ரியாசி ஜில்லாவிலே, செனாப் நதியின் படுகைக்குமேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும் ரயில் பாலத்தை 2025ஆம் வருஷம் ஜூன் மாதம் 6ந் தேதி பிரதம மந்திரி திறந்து வைத்தார். உலகத்திலுள்ள ரயில் வளைவுப் பாலங்களில் இதுவே மிக உயரமானது. அன்று தொட்டு இந்தப் பாலத்தைப்பற்றிப் பேசாத வாயில்லை. படம் போடாத பத்திரிகையில்லை. பாரிஸ் நகரத்து ஈபல் கோபுரத்தைக் கொண்டுவந்து நதியில் நிறுத்தினாலும் அதன் முடி பாலத்தை எட்டாது என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லுகிறான்.

ஜனங்களின் இந்த உற்சாகத்தைப் பரிகசிக்க நாம் முன்வரவில்லை. இமயமலையைக் குடைந்தும் பள்ளங்களைக் கடந்தும் 272 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டு, காஷ்மீரப் பள்ளத்தாக்கைத் தேசத்தின் மற்றப் பாகங்களோடு நமது இஞ்சினீயர்களும் தொழிலாளரும் இணைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மகாராஜா பிரதாப் சிங் காலத்திலேயே ஆலோசிக்கப்பட்டுக் காகிதத்தோடு நின்றுபோன காரியம் இது. இது நிறைவேறியதைக் கண்டு தேசாபிமானியின் நெஞ்சு பூரிப்பது இயல்பே. ஆயினும், நாம் எதைக் கண்டு வியக்கிறோம், எதைக் காணாமல் விடுகிறோம் என்பதைச் சிறிது யோசித்துப் பார்ப்பது நலம்.

உயரம் என்று நாம் கொண்டாடும் கணக்கில் பெரும்பகுதி நதியின் கைவேலை. யுகயுகமாக மலையை அறுத்துப் பள்ளம் தோண்டியது செனாப். ஆழமான பள்ளத்தின் குறுக்கே பாலம் போடுகிறவனுக்கு உயரத்தில் முதன்மை தானே கிடைத்துவிடும். அது நிலைத்து நிற்கும் பட்டமுமன்று. சீன தேசத்தில் குயிசௌ, யுன்னான் மாகாணங்களின் எல்லையில் 565 மீட்டர் உயரத்தில் 2016ல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் உலகத்திலேயே உயர்ந்தது என்று பெயர் பெற்றது. குயிசௌ மாகாணத்திலேயே 2025 செப்டம்பர் 28ந் தேதி 625 மீட்டர் உயரமுள்ள ஹுவாஜியாங் பாலம் திறக்கப்பட்டது, பட்டம் கைமாறிற்று. பள்ளத்தின் ஆழத்தை விட்டுவிட்டுப் பாலத்தின் உடலையே அடிமுதல் முடிவரை அளப்போமென்றால், பிரான்சு தேசத்தில் 2004ல் திறக்கப்பட்ட மியோ பாலம் 343 மீட்டர் நிமிர்ந்து நெடுநாள் முதன்மையாயிருந்தது. அளவுகோலை மாற்றினால் வெற்றியாளனும் மாறுகிறான். இத்தகைய பட்டத்தில் தேசத்தின் கௌரவத்தைத் தொங்கவிடுவது விவேகமாகாது.

செனாப் பாலத்தின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பாலத்தின் மொத்த நீளம் 1315 மீட்டர். நடுவிலுள்ள எஃகு வளைவு மாத்திரம் 467 மீட்டர் தூரத்தைத் தாண்டி நிற்கிறது. தொங்குபாலம் கனத்த ரயில் வண்டியின்கீழ் துவளும் சுபாவமுடையது. ரயிலுக்கோ விறைப்பு வேண்டும். ஆதலால் வளைவைத் தேர்ந்தார்கள். வளைவானது தன்மேல் விழும் பாரத்தையெல்லாம் தன் இரு பாதங்களுக்கும் அனுப்பிவிடும். பாதங்கள் அந்தப் பாரத்தை மலையின்மேல் தள்ளும். மலை தாங்கினால் பாலம் நிற்கும். அந்த மலையோ வெடிப்பும் பிளவும் மலிந்த பாறை. பிரதேசமோ நில நடுக்கத்துக்கு உட்பட்டது. ஆகவே, படத்தில் நாம் பார்த்து மயங்கும் எஃகைக் காட்டிலும், படத்தில் விழாத பாறையே இஞ்சினீயர்களை அதிகமாகச் சோதித்தது.

மலைச்சரிவை வெட்ட வெட்ட, முன்செய்த சோதனைகளில் தென்படாத பிளவுகள் வெளிப்பட்டன. அவ்வப்போது கணக்கைத் திருத்தினார்கள். எஃகுத் தண்டுகளைப் பாறைக்குள் ஆழச் செலுத்தினார்கள். பிளவுகளில் சிமெண்டுக் குழம்பைப் பாய்ச்சிச் சரிவை இறுக்கினார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியை மாதவி லதா இந்த வேலைக்கு 17 வருஷகாலம் ஆலோசனை கூறிவந்தவர். திறப்பு விழாவுக்குப்பின் பத்திரிகைகள் அவரைப் போற்றத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கானோரில் தாமும் ஒருவர் என்றும், தம்மை வீணே பிரபலப்படுத்த வேண்டாமென்றும் அவர் பகிரங்கமாகக் கூறிவிட்டார். விழா மேடையில் அன்று பேசப்பட்ட பேச்சுக்களையெல்லாம்விட நமது மனத்தைக் கவர்ந்தது இந்த வார்த்தையே.

மற்ற ஏற்பாடுகளும் இத்தன்மையனவே. வேலைத்தலத்துக்குப் போகப் பாதையே இல்லாத அப்பிரதேசத்தில், திட்டத்துக்காக முதலில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை போடவேண்டியிருந்தது. 2008ல் பாதையின் பத்திரத்தைப்பற்றி ஐயம் எழுந்தது; வேலையை நிறுத்தி, மறுபடி ஆராய்ந்து, பின்னரே தொடர்ந்தார்கள். எஃகுத் துண்டுகளைப் பற்றவைத்த இணைப்புகளை, காதுக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்திச் சோதித்தார்கள். இரு கரையிலிருந்தும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்த வளைவு 2021 ஏப்ரல் 5ந் தேதி நடுவில் பொருந்திற்று. மணிக்கு 266 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றையும் தாங்குமாறு பாலத்தை அமைத்துவிட்டு, அதோடு திருப்தியடையாமல், காற்றின் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும்படி கைகாட்டிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தாங்கும் சக்தி இருந்தும் ஓடவேண்டாமென்று நிறுத்துகிற இந்த எச்சரிக்கையைத்தான் நாம் கல்வி என்றும் நாகரிகம் என்றும் மதிக்கிறோம்.

எச்சரிக்கையில்லாத இடத்தில் பட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு ஆங்கிலேயரின் சரித்திரத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசத்தில் டே என்னும் கழிமுகத்தின்மீது 1878ல் ஒரு ரயில் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அதுவே உலகத்தில் மிக நீளமான பாலம். விக்டோரியா மகாராணி அதைக் கடந்து சென்றார். கட்டிய இஞ்சினீயருக்கு ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. 1879 டிசம்பர் 28ந் தேதி இரவு, புயற்காற்றில் அப்பாலத்தின் நடுப்பகுதி சாய்ந்தது. அதன்மேல் சென்ற ரயில் வண்டியும், வண்டியிலிருந்த அத்தனை பேரும் நீரில் மூழ்கினர். பாலத்தைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டிருந்தவர் இரும்பு வேலையில் பழக்கமில்லாதவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. கட்டுக்கம்பிகள் தளர்ந்து சலசலப்பதை அவர் கண்டார், இரும்புத் துண்டுகளைச் செருகிச் சத்தத்தை அடக்கினார், மேலே தெரிவிக்கவில்லை. அமைப்பு, கட்டு வேலை, பராமரிப்பு ஆகிய மூன்றுமே பழுதென்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. இந்தப் பாடத்தைக் கற்றபின், காற்றின் தாக்குதலைப் புதிதாகக் கணக்கிட்டு, 1890ல் அவர்கள் திறந்த போர்த் பாலம் இன்றும் ரயிலைச் சுமந்து நிற்கிறது.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். செனாப் பாலம் திறந்த முப்பத்து மூன்றாம் நாள், 2025 ஜூலை 9ந் தேதி காலை, குஜராத்தில் மாஹி நதியின்மீதுள்ள கம்பீரா பாலத்தின் ஒரு கண் இடிந்து விழுந்தது. வண்டிகள் நதியில் விழுந்தன. சுமார் இருபது பேர் மாண்டார்கள். அந்தப் பாலம் கட்டி நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது. அது ஆடுகிறதென்றும் ஆபத்தானதென்றும் ஊரார் முன்பே முறையிட்டிருந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வெளியாயிற்று. அதே ராஜ்யத்தில் மோர்பி நகரத்துத் தொங்குபாலம், பழுது பார்த்துத் திறந்த நான்காம் நாள், 2022 அக்டோபர் 30ந் தேதி அறுந்து விழுந்து 135 உயிர்களைக் கொண்டுபோயிற்று. முக்கிய வடமொன்றில் 49 கம்பிகளுள் 22 கம்பிகள் முன்னரே துருப்பிடித்திருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. பீஹாரில் 2024ஆம் வருஷத்து மழைக்காலத்தில், சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பாலங்கள் விழுந்தன. ஒரு ராஜ்யத்தையோ ஒரு கட்சியையோ குறை கூறுவதற்காக இவற்றை நாம் எடுத்துக் காட்டவில்லை. இந்த நோய்க்கு எல்லையுமில்லை, கட்சியுமில்லை.

உலகத்தில் மிக உயர்ந்த ரயில் வளைவைக் கட்டத் தெரிந்த தேசத்துக்கு, நாற்பது வருஷத்துப் பாலமொன்றைச் சோதித்துப் பார்க்கத் தெரியாதா? தெரியும். அறிவுக்குப் பஞ்சமில்லை. செனாப் பாலத்துக்குச் செலுத்திய கருத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மற்றப் பாலங்களுக்குச் செலுத்த நமக்கு மனமில்லை என்பதே உண்மை. புதுப் பாலம் திறந்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். பழைய பாலத்தின் விரிசலை அடைத்தால் யார் பெயரைப் பொறிப்பது? ஜனங்களாகிய நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர்களல்லோம். உயரத்தைக் கேட்டுக் கைதட்டினோம். கடைசியாகச் சோதித்தது எப்பொழுது என்று கேட்கவில்லை.

சீன தேசத்திலிருந்து உயரத்தின் கணக்கைக் கற்றுக்கொண்டோம். அங்கிருந்தே இன்னொரு பாடமும் கற்கலாம். சிச்சுவான் மாகாணத்தில், 2025ல் புதிதாகக் கட்டிமுடித்த 758 மீட்டர் நீளமுள்ள ஹோங்சி பாலத்துக்கருகே மலைச்சரிவில் வெடிப்புகள் தென்பட்டன. நவம்பர் 10ந் தேதி அதிகாரிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மலை சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி இடிந்து பள்ளத்தில் வீழ்ந்தது. ஓர் உயிரும் போகவில்லை. புதுப் பாலம் விழுந்தது அவர்களுக்குப் பெரிய அவமானமே. சரிவைச் சரிவர ஆராயாதவர்கள் பதில் சொல்லியே தீரவேண்டும். ஆனால் ஒருவன் பார்த்தான், ஒருவன் நிறுத்தினான், ஜனங்கள் பிழைத்தார்கள். கம்பீரா பாலத்தில் இடிந்து விழும் நிமிஷம்வரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எஃகிலும் சிமெண்டிலும் இல்லை.

விபத்து நேர்ந்ததும் நம் சர்க்கார்கள் செய்வது என்ன? கம்பீரா பாலம் விழுந்த மறுநாளே நான்கு இஞ்சினீயர்களைத் தாற்காலிகமாக வேலையிலிருந்து விலக்கினார்கள். குற்றவாளியைத் தண்டிப்பது அவசியம். அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் பாலம் பழுதென்று கண்ட இஞ்சினீயருக்கு அதை மூடிவிடும் அதிகாரம் உண்டா? மூடினால், ஜனங்களின் கோபத்திலிருந்தும் மேலதிகாரியின் அதிருப்தியிலிருந்தும் அவரைக் காப்பாற்றுவார் உண்டா? அதிகாரம் இல்லாதவனிடம் பொறுப்பை மாத்திரம் சுமத்துவது நியாய சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. இஞ்சினீயர் எழுதும் குறிப்பு பத்து மேஜைகளில் உறங்கி எழுந்திருப்பதற்குள் நதி தன் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

பணமில்லை என்று சிலர் சொல்லுவார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. செனாப் பாலம் ஒன்றுக்கே சுமார் 1,486 கோடி ரூபாய் செலவாயிற்று. அந்தச் செலவு தகும் என்பதே நமது அபிப்பிராயம். புதியதைக் கட்டப் பணம் இருக்கிறது என்றால், இருப்பதைக் காக்கப் பணமில்லை என்பது செல்லாத வாதம். மத்திய சர்க்கார் 2016ல் தேசிய நெடுஞ்சாலைகளிலுள்ள பாலங்களையும் மதகுகளையும் எண்ணிப் பதியத் தொடங்கியது. 1,70,000க்கு மேற்பட்டவை பதிவாயின. நல்ல ஆரம்பம். ஆனால் ஏழைகள் நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கடக்கும் பாலங்களில் பெரும்பாலானவை ராஜ்ய சர்க்கார்கள், ஜில்லா பஞ்சாயத்துகள், நகரசபைகள் ஆகியவற்றின் வசம் இருக்கின்றன.

ஆகவே நாம் கோருவன இவை. ஒவ்வொரு பாலத்தின் இரு முனையிலும் ஒரு பலகை நடவேண்டும். கட்டிய வருஷம், தாங்கும் பாரம், கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் பதவி, கண்ட முடிவு ஆகியவற்றைத் தாய்மொழியில் அதில் எழுதவேண்டும். பழுதென்று கண்டால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் பாலத்தை மூடும் அதிகாரத்தைச் சோதிக்கிற இஞ்சினீயருக்குச் சட்டபூர்வமாக அளிக்கவேண்டும். பாலம் இடிந்தால் விசாரணை அறிக்கையைக் குறித்த தவணைக்குள் சட்டசபையில் சமர்ப்பித்து, ஜனங்களுக்கு வெளியிடவேண்டும். புதுப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதன் ஆயுள் முழுவதும் அதைப் பேணுவதற்கும் ஒதுக்கவேண்டும். இவற்றில் எதுவும் அந்நிய நாட்டு நிபுணரை எதிர்பார்க்கும் காரியமன்று.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கும் இதில் வேலையுண்டு. உங்கள் தாலூகாவிலுள்ள பாலங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் கடைசியாக எப்பொழுது சோதித்தார்கள் என்று சர்க்காரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தகவல் பெறும் உரிமையை 2005ஆம் வருஷத்துச் சட்டம் உங்களுக்கு அளித்திருக்கிறது. வருகிற பதிலையும், வராத பதிலையும் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

செனாப் பாலத்தின்மேல் நாள்தோறும் ரயில் ஓடட்டும். அதைக் கட்டியவர்களை நாடு மறவாதிருக்கட்டும். ஆனால் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அவர்கள் பாலத்தின் உயரத்தைச் சொல்லி மகிழ்வதோடு முடிந்துவிடாது. பாறையை நம்பாமல் சோதித்தவர்கள் அவர்கள். ஐயம் எழுந்தபோது நின்று யோசித்தவர்கள். நம் ஊர் ஆற்றுப் பாலத்துக்கும் அந்தச் சோதனை நடக்கவேண்டும். அதன்மேல் ஒரு குடியானவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறான். அந்தப் பாலம் விழாது என்று அவனுக்கு உறுதி சொல்லுகிற சர்க்கார்தான் செனாப் பாலத்தைக் காட்டிப் பெருமை பேசத் தகுதியுடையது.